அனுமதி கேட்காத பாட்டு

சித்திரையில் மலையை விட்டு இறங்குமுன் கள்ளழகரும் ஓரிடத்தில் நின்றாக வேண்டும். பதினெட்டாம்படிக் கருப்பணசாமி சன்னதி. சந்தனம் அப்பிய அந்தப் பெரிய கதவுக்கு முன்னால் பல்லக்கு நிற்கும். கருப்பனிடம் விடைபெற்று, என்னென்ன நகை எடுத்துப் போகிறோம் என்று கணக்கும் சொல்லிவிட்டுத்தான் மதுரைக்குக் கிளம்புவார் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. சாமிக்கே காவல்காரரிடம் சொல்லிவிட்டுப் போக வேண்டியிருக்கிறது. பாட்டுக்காரன் எம்மாத்திரம்?

அழகர்கோவிலிலிருந்து மதுரை 21 கிலோமீட்டர். கள்ளந்திரி, அப்பன்திருப்பதி, கடச்சனேந்தல், மூன்றுமாவடி என்று அந்தத் தூரம் முழுக்கத் திருவிழா நாளில் தாளம்தான். தோல்பையில் தண்ணீர் சுமந்து பீய்ச்சுகிறவர்கள், திரி ஏந்தி ஆடுகிறவர்கள், உறுமி, தப்பு, நடுவில் எங்கேயாவது ஒரு மண்டபத் திண்ணையில் வர்ணிப்பு. வர்ணிப்புப் பாடுகிறவர் அழகரிடம் பேசுவது வீட்டுப் பெரியவரிடம் பேசுகிற மாதிரி இருக்கும். கொஞ்சல், கோபம், குறை எல்லாம் அதில் உண்டு. தொ. பரமசிவனின் ‘அழகர் கோயில்’ ஆய்வை மதுரை காமராசர் பல்கலைக்கழகம் 1989-ல் நூலாகக் கொண்டுவந்தது. அதில் இந்த வர்ணிப்புகளுக்கு இடம் கொடுத்தவர், கள்ளர், இடையர், வலையர், பள்ளர், பறையர் என்று ஒவ்வொரு சமூகத்துக்கும் அந்தக் கோயிலோடு என்ன உறவு என்பதையும் தனித்தனியே எழுதினார். யார் எந்தத் தூரத்தில் நின்று பாடலாம் என்பதும் பாட்டின் ஒரு பகுதிதான் என்பது அதைப் படித்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

கலகப் பாட்டு விஷயத்திலும் அதே கணக்குதான். சொல்லில் இருக்கிற சூடு பாதி. அந்தச் சொல் யார் வாயிலிருந்து, எந்த மேடையில் வருகிறது என்பது மீதி. மதுரைச் சீமையில் நூறு வருடமாக அதிகாரத்தைச் சீண்டிய பாட்டுக் குழுக்களைப் பார்த்தால், போலீசின் கோபமும் சரி, ஊரின் கோபமும் சரி, இந்த மீதிப் பாதியின் மேல்தான் அதிகம் விழுந்திருக்கிறது.

மயில்மேல் முடிந்த நாடகம்

ஸ்பெஷல் நாடகம் பார்த்தவர்களுக்குத் தெரியும். அதில் ஒத்திகை கிடையாது. ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்து வருவார், ஸ்திரீபார்ட் வேறோர் ஊரிலிருந்து வருவார், பபூன் கடைசி பஸ்ஸில் வந்து இறங்குவார். ஆர்மோனியம், மிருதங்கம், ஆல்ரவுண்ட் மூன்றும் மேடை ஓரத்தில் ஏற்கனவே உட்கார்ந்திருக்கும். ‘வள்ளி திருமணம்’ என்றால் கதை எல்லோருக்கும் தெரியும். கதைக்குள் எந்தப் பாட்டை எங்கே செருகுவது, தர்க்கத்தை எவ்வளவு நேரம் இழுப்பது என்பதெல்லாம் அந்த ராத்திரியின் முடிவு. சங்கரதாஸ் சுவாமிகள் போட்டுக் கொடுத்த சட்டகம் அது. 1918-ல் மதுரையில் அவர் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையில் பாடம் படித்த பிள்ளைகள்தான் பிறகு தமிழ் மேடையையே ஆண்டார்கள்.

வெள்ளைக்காரன் 1876-ல் நாடகக் கட்டுப்பாட்டுச் சட்டம் கொண்டுவந்தான். வங்காளத்து நாடகங்கள் கொடுத்த எரிச்சலில் பிறந்த சட்டம் அது. நாடகப் பிரதியை வாங்கிப் பார்த்துத் தடை செய்ய அதில் வழி இருந்தது. ஸ்பெஷல் நாடகத்துக்குத்தான் பிரதியே கிடையாதே! எதைக் கொண்டுபோய் அதிகாரியிடம் காட்டுவது? இந்த ஓட்டையில் நுழைந்தவர்தான் விசுவநாததாஸ்.

1886-ல் சிவகாசியில் பிறந்து திருமங்கலத்தில் குடியேறியவர். முடிதிருத்தும் மருத்துவர் சமூகம். முருகன் வேஷம் கட்டி மேடை ஏறினால் கூட்டம் கையெடுத்துக் கும்பிடும். வேஷம் கலைத்தால் அதே ஊரில் எந்தத் தெருவில் நடப்பது என்று யோசிக்க வேண்டும். அவருக்கு ஜோடியாக வள்ளி வேஷம் கட்ட மறுத்த நடிகைகளும் இருந்தார்கள். இந்த மனிதர்தான் தினைப்புனத்தில் பறவை விரட்டுகிற காட்சியில் வெள்ளைக் கொக்கை உள்ளே விட்டார். தினையைத் தின்ன வந்த கொக்கு எந்த நாட்டுக் கொக்கு என்பது கடைசி வரிசையில் துண்டு விரித்து உட்கார்ந்திருந்தவருக்கும் புரிந்தது. முன்வரிசை இன்ஸ்பெக்டருக்கும் புரிந்தது. ஆனால் முருகன் கொக்கைப் பற்றிப் பாடினார் என்று எப்படி வழக்கு எழுதுவது?

எழுதினார்கள். பலமுறை சிறை. ஒரு வழக்கில் அவருக்காக வ.உ.சி. வாதாடினார். வெளியே வந்தால் மறுபடி முருகன் வேஷம், மறுபடி அதே பாட்டு. அந்த மேடைகளுக்குப் பாட்டு எழுதிக் கொடுத்தவர்களில் முதன்மையானவர் மதுரகவி பாஸ்கரதாஸ். பஞ்சாப் படுகொலையைப் பற்றி அவர் எழுதியது மேடை மேடையாகப் பரவியது. பத்திரிகை வாசிக்கத் தெரியாதவர்கள் ஜாலியன்வாலாபாக்கைக் காதால் கேட்டுத் தெரிந்துகொண்டார்கள்.

1940 டிசம்பர் 31 இரவு, சென்னை ராயல் தியேட்டர். மயில் மீது முருகனாக அமர்ந்திருந்த விசுவநாததாஸ் மேடையிலேயே உயிர் விட்டார். கூட்டத்தில் பலர் அதையும் நடிப்பென்றே நினைத்திருப்பார்கள். திருமங்கலத்தில் அவருக்கு நினைவு இல்லம் இருக்கிறது. அந்த வழியாகப் போகிறவர்கள் ஒருமுறை இறங்கிப் பார்க்கலாம். பெரும்பாலும் கூட்டம் இருக்காது.

வெள்ளைக்காரன் போனான், சட்டம் போகவில்லை. 1954-ல் சென்னை மாநிலம் தனக்கென்று ஒரு நாடகச் சட்டத்தைப் போட்டுக்கொண்டது. அப்போது எம்.ஆர். ராதா ராமாயணத்தை மேடையில் புரட்டிக்கொண்டிருந்தார். அந்தச் சட்டத்தின் முக்கியமான பிரிவுகள் செல்லாது என்று உயர் நீதிமன்றம் சொன்னது 2013-ல், பத்திரிகையாளர் ஞாநி தொடுத்த வழக்கில். ஏறக்குறைய அறுபது வருடம்!

பண்ணைப்புரத்திலிருந்து வந்த ஆர்மோனியம்

இன்று தேனி மாவட்டம் என்று சொல்கிற இடம் அன்று மதுரை மாவட்டம். அங்கே பண்ணைப்புரத்தில் பாவலர் வரதராசன் கம்யூனிஸ்ட் கட்சிக்காகப் பாட்டுக் கட்டினார். அவர் செய்த வேலை எளிமையானது, படு தந்திரமானதும்கூட. ஊர் முழுக்க முணுமுணுக்கிற சினிமா மெட்டை எடுத்துக்கொள்வார். வரியை மட்டும் மாற்றுவார். மறுநாள் சினிமாப் பாட்டை முணுமுணுக்கிறவன் கட்சிப் பாட்டையும் சேர்த்தே முணுமுணுப்பான். அந்த மெட்டுக்கு விளம்பரச் செலவு முழுக்க சினிமாக்காரருடையது.

1958-ல் தேவிகுளம் இடைத்தேர்தல். கேரளத்தில் இ.எம்.எஸ். ஆட்சி மயிரிழைப் பெரும்பான்மையில் நின்றது. ரோசம்மா புன்னூஸின் முந்தைய வெற்றியை நீதிமன்றம் செல்லாதென்று சொல்லிவிட்டதால் அதே அம்மையார் மறுபடி நிற்கிறார். தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவர்கள் தமிழர்கள். அங்கே மலையாளத்தில் மணிக்கணக்காகப் பேசினாலும் எடுபடாது. பாவலர் ஆர்மோனியத்தோடு மலையேறினார். காங்கிரசின் இரட்டைக் காளைச் சின்னத்தைக் கிண்டலடித்து லயம் லயமாகப் பாடினார். ரோசம்மா ஜெயித்தார். அந்த வெற்றியின் பெருமையை இ.எம்.எஸ். பாவலருக்கே கொடுத்தார் என்பதை அவருடைய தம்பி பின்னாளில் பல மேடைகளில் சொன்னதுண்டு.

தம்பி யாரென்று சொல்லத் தேவையில்லை. 1943-ல் பிறந்த ராசையா. ‘பாவலர் பிரதர்ஸ்’ குழுவில் முதலில் பெண் குரலில் பாடியவர், குரல் உடைந்த பிறகு ஆர்மோனியத்தில் உட்கார்ந்தவர். பாஸ்கர், அமர்சிங் என்று மற்றத் தம்பிகளும் சேர, நான்கு பேரும் ஊர் ஊராகக் கட்சி மேடை ஏறினார்கள். கித்தார், டிரம்ஸ் இல்லையே தவிர, இதை ராக் குழு என்று சொல்லாமல் வேறென்ன சொல்வது? நான்கு சகோதரர்கள், ஒரு பழைய வண்டி, தூக்கமில்லாத இரவுகள், எதிர்க்கட்சிக்காரரின் கல். 1968-ல் ராசையா சென்னைக்கு ரயிலேறினார். இளையராஜாவானார். ‘பாவலர்’ என்ற பெயர் பிறகு ‘பாவலர் கிரியேஷன்ஸ்’ என்று சினிமா டைட்டிலில் மின்னியது. அந்த ஆர்மோனியம் எதற்காகப் பிறந்தது என்பதை இசைரசிகர்கள் அதிகம் பேசுவதில்லை. எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம் உண்டு.

நம் ஊரில் எதிர்க்கட்சிக் கல்லோடு முடிந்த விஷயம், சுவர் எழுப்பிய பெர்லினுக்கு அந்தப் பக்கம் வேறு மாதிரி நடந்தது. கிழக்கு ஜெர்மனியில் ராக் வாசிக்க அரசாங்க உரிமம் வேண்டும். அதிகாரிகள் முன்னால் வாசித்துக் காட்டி, தரம் போட்டு, சீட்டு வாங்க வேண்டும். லைப்சிக் நகரத்து ‘ரென்ஃப்ட்’ குழு 1975-ல் உரிமத்தைப் புதுப்பிக்கப் போனபோது, வாசிக்கவே விடாமல், இனி இப்படி ஒரு குழு கிடையாது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். தடை என்றுகூடச் சொல்லவில்லை, இல்லை என்று சொல்லிவிட்டார்கள்! அதே நாட்டில் வளர்ந்தவர்கள் சுவர் விழுந்த பிறகு 1994-ல் தொடங்கிய ‘ராம்ஸ்டைன்’ இன்று உலகம் முழுக்க மைதானங்களை நிரப்புகிறது. ஒன்றுபட்ட ஜெர்மனியும் 2009-ல் அவர்களுடைய ஓர் ஆல்பத்தைச் சிறுவர்களுக்கு விற்கக்கூடாத பட்டியலில் வைத்தது. அடுத்த ஆண்டு நீதிமன்றம் அதை விலக்கியது. ஆட்சி மாறினாலும் பட்டியல் எழுதுகிற கை ஓய்வதில்லை போலிருக்கிறது.

அரசரடியில் ஒரு பரட்டை

மதுரையின் அடுத்த கலகப் பாட்டு தேவாலயத்திலிருந்து வந்தது. இது நிறையப் பேருக்குத் தெரியாது, அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

அரசரடியில் தமிழ்நாடு இறையியல் கல்லூரி இருக்கிறது. அங்கே இசை கற்பித்தவர் ஜே. தியோபிலஸ் அப்பாவு. மாணவர்களுக்கு அவர் ‘பரட்டை’. ஆர்கனும் கர்நாடக ராகக் கீர்த்தனையும் கோலோச்சிய வழிபாட்டுக்குள் தெம்மாங்கையும் ஒப்பாரியையும் கும்மியையும் கொண்டுவந்தார். கிராமிய இசையிலேயே ஒரு முழு வழிபாட்டு முறையை எழுதினார். அவர் கேட்டது நேரான கேள்வி. ராகம் தெரிந்தவன் பாடினால்தான் சரி என்றால், தப்பாகப் பாடுகிறவன் வாயை மூடிக்கொள்ள வேண்டும். நாட்டுப்பாட்டில் தப்பு ஏது? ஊருக்கு ஊர் மாற்றிப் பாடலாம், வரியைச் சேர்க்கலாம், எடுக்கலாம், பாட்டு அவர்களுடையதாகிவிடும். ஒரே உலையில் பொங்கி எல்லோரும் சேர்ந்து உண்பது என்பதுதான் அவர் கண்ட நற்கருணை. ஒரே கல்லறைத் தோட்டத்தில்கூடச் சேர்ந்து படுக்காத சபைகளில் இதைப் பாடுவது சின்ன விஷயமா?

அதைவிடப் பெரிய கலகம் பறையை உள்ளே கொண்டுவந்தது. கல்லூரியின் தலித் ஆதார மையம் தொண்ணூறுகளில் நடத்திய கலைவிழாக்களில் பறைதான் நடுநாயகம். சாவுக்கு அடிக்கிற தோலை எப்படி ஆலயத்தில் வைப்பது என்று முகம் சுளித்தவர்களில் சாதிக்காரர்கள் மட்டுமில்லை, அந்தத் தோலை அடித்த குடும்பத்துப் பிள்ளைகளும் இருந்தார்கள். அப்பன் பட்ட அவமானம் கண்ணில் நிற்கும்போது, இது கலை என்று யார் சொன்னாலும் கோபம்தான் வரும். ஊர்ச் சாவுக்கு இனி அடிக்க மாட்டோம் என்று பல கிராமங்களில் முடிவெடுத்து, அதற்காக அடிபட்ட காலம் அது. ஒரு பக்கம் பறையைக் கீழே போடுவதே போராட்டம். இன்னொரு பக்கம் அதையே மேடையில் தூக்கிப் பிடிப்பது போராட்டம். இரண்டும் சரி என்றுதான் நினைக்கிறேன். திண்டுக்கல்லில் சக்தி கலைக்குழுவின் பெண்கள் பறையைத் தோளில் மாட்டியபோது மூன்றாவதாக ஒரு வாசலும் திறந்தது.

இந்தப் பாட்டெல்லாம் எந்த மண்ணில் பாடப்பட்டது என்பதற்கு ஒரு தேதி போதும். 1997 ஜூன் 30. அழகர்மலைக்குக் கிழக்கே, மேலூரை அடுத்த மேலவளவு. தனித்தொகுதியான ஊராட்சியில் ஜெயித்த தலித் தலைவர் முருகேசனையும் அவரோடு வந்த இன்னும் சிலரையும் பஸ்ஸிலிருந்து இறக்கி வெட்டிக் கொன்றார்கள். உசிலம்பட்டிப் பக்கம் அதே மாதிரி தனித்தொகுதிகளான பாப்பாபட்டி, கீரிப்பட்டியில் பத்து வருடம் தேர்தலே முறையாக நடத்த முடியவில்லை. 2006-ல்தான் தலைவர்கள் நாற்காலியில் நிலைத்து உட்கார்ந்தார்கள். இந்த மண்ணில் ‘எல்லோரும் மனிதர்’ என்று பாடினாலே அது ஆத்திரமூட்டும் பாட்டு. கெட்ட வார்த்தை எதுவும் தேவையில்லை.

அழகர்கோவிலுக்கு மேற்கே, ஜல்லிக்கட்டால் உலகம் அறிந்த அலங்காநல்லூரில் வேலு ஆசான் பறை கற்றுக்கொடுக்கிறார். 2025-ல் அவருக்குப் பத்மஸ்ரீ. சாமிச்சாட்டு அடி, சப்பரத்தடி, மாரடிப்பு அடி என்று ஒவ்வொரு அடிக்கும் பெயரும் வேளையும் உண்டு. தீயில் காய்ச்சித் தோலை இறுக்கி, இடக்கையில் சிண்டுக்குச்சி, வலக்கையில் அடிகுச்சி பிடிக்கக் கற்றுக்கொள்வதற்குள் மணிக்கட்டு கழன்றுவிடும். இன்று ஐ.டி. கம்பெனிப் பிள்ளைகளும் வாரக்கடைசியில் வந்து கற்கிறார்கள். தாத்தாவுக்கு ஊர்க்கூலியாக நெல் கொடுத்த தோலுக்கு, பேரன் கையில் பயிற்சிக் கட்டணம்.

கோட்டும் சட்டி மோளமும்

இந்தப் பாதை எல்லாம் வந்து சேர்ந்த இடம் 2018 ஜனவரி 6, சென்னை கீழ்ப்பாக்கம் பெயின் பள்ளி மைதானம். பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ முதல்முறை மேடை ஏறியது. பத்தொன்பது பேர். எல்லோரும் கோட் சூட். அம்பேத்கர் ஏன் கோட் போட்டார் என்பதற்கு ‘கபாலி’யில் வசனம் வைத்த இரஞ்சித், இங்கே ஒரு குழுவுக்கே தைத்துப் போட்டுவிட்டார். கித்தாரும் டிரம்ஸும் ஒரு பக்கம், பறையும் சட்டி மோளமும் கட்ட மோளமும் மறுபக்கம். வடசென்னைச் சாவு வீட்டில் விடிய விடியப் பாடுகிற கானா, ராப் பக்கத்தில் நின்றது. வந்திருந்த ஆயிரக்கணக்கானோரில் பலர் தங்கள் வாழ்நாளில் ‘கச்சேரி’ என்று ஒன்றுக்குப் போயிருக்க மாட்டார்கள்.

பெயர் வந்தது அயோத்திதாசப் பண்டிதரிடமிருந்து. வெள்ளைக்காரன் காலத்து மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலேயே, தம் மக்களைச் சாதிபேதமற்றவர்கள் என்று பதியச் சொன்னவர் அவர். 1907-ல் அவர் தொடங்கிய ‘ஒரு பைசாத் தமிழன்’ மாதிரியேதான் இந்தக் குழுவும்: குறைந்த விலைக்கு நிறைய வாதம். இடஒதுக்கீட்டுக்கு ஒரு பாட்டு, மாட்டுக்கறிக்கு ஒரு பாட்டு, அம்பேத்கருக்கு ஒரு பாட்டு. எல்லாமே எனக்குப் பிடிக்கும் என்று சொல்ல மாட்டேன். சில பாட்டுகள் துண்டறிக்கைக்கு மெட்டுப் போட்டது மாதிரி இருக்கும். கானாவின் நக்கல் உள்ளே நுழைகிற இடங்களில்தான் குழு பறக்கும். சாவு வீட்டில் சிரிக்கத் தெரிந்தவனுக்கு அரசியல் கூட்டத்தில் சிரிக்கவா தெரியாது?

ராயபுரத்து இசைவாணி அந்தக் குழுவின் பெண் குரல். கானா ஆண்கள் உட்கார்ந்து பாடிய வட்டம். அதற்குள் வந்து நின்றவர். 2020-ல் பிபிசியின் நூறு பெண்கள் பட்டியலில் இடம்பெற்றார். சபரிமலைக்குள் எல்லா வயதுப் பெண்களும் போகலாம் என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் சொன்ன காலத்தில், ஐயப்பனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே உள்ளே வருவேன் என்கிற தொனியில் ஒரு பாட்டுப் பாடினார். பாடிய புதிதில் பெரிய சத்தமில்லை. வருடங்கள் கழிந்து 2024 நவம்பரில் திடீரென்று காவல் நிலையங்களில் புகார், மிரட்டல், கைது செய் என்ற கூச்சல். அங்கேயும் பதினெட்டுப் படிதான், காவலுக்குக் கருப்பன்தான். எங்கள் அழகர் வர்ணிப்பில் சாமியிடம் சண்டையே போடுவார்கள், யாரும் புகார் கொடுத்ததில்லை. ஒரு ஆண், பழைய மெட்டு, திருவிழா நாள் என்றால் பக்தி. ஒரு பெண், கானா, மைக் என்றால் அவமதிப்பு.

குழுவின் இன்னொரு குரலான அரக்கோணத்து அறிவு, 2021 மார்ச்சில் பாடகி ‘தீ’யோடு சேர்ந்து பாடிய ‘எஞ்சாயி எஞ்சாமி’யால் உலகத்துக்குத் தெரிந்தவரானார். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பிய பாட்டி வள்ளியம்மாளின் கதை அதன் வேர். அதே ஆண்டு ஒரு பத்திரிகையின் அட்டைப்படத்தில் அவர் முகம் இல்லாமல் போனதும், 2022 செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அவர் இல்லாமலே அந்தப் பாட்டு ஒலித்ததும் பெரிய விவாதமாயின. தேவிகுளத்துத் தேயிலைத் தோட்டத்தில் பாவலர் பாடிய அறுபத்து மூன்றாவது வருடம், தேயிலைத் தோட்டத்திலிருந்தே ஒரு பாட்டு வந்து உலகத்தைச் சுற்றியது. யார் பாட்டு, யார் பெயர் என்கிற சண்டையும் கூடவே வந்தது.

போலீஸ் நேரடியாகக் கைவைத்த கதை வேண்டுமென்றால் திருச்சிக்குப் போக வேண்டும். மக்கள் கலை இலக்கியக் கழகத்தின் கோவனை 2015 அக்டோபர் 30 அதிகாலையில் வீட்டிலிருந்து தூக்கிப்போனார்கள். டாஸ்மாக்கை மூடச் சொல்லிப் பாடியதற்கு தேசத்துரோகப் பிரிவு. கையில் ஒரு பறை, தோளில் ஒரு துண்டு, காலில் சலங்கை கட்டிய சில தோழர்கள். அரசாங்கம் பயந்தது அந்தப் பாட்டுக்கா, அல்லது செல்போன் செல்போனாக அது தாவிய வேகத்துக்கா என்று இன்னும் எனக்குச் சந்தேகம். கைதுக்கு முன்னால் கேட்காதவர்களும் கைதுக்குப் பின்னால் கேட்டார்கள்.

நிபந்தனைகள்

இப்போது பாட்டுக்கு அனுமதி வாங்குகிற இடம் மாறிவிட்டது. கிராமத்துத் திருவிழாவில் ஆடல் பாடல் நடத்த வேண்டுமென்றால் காவல் நிலையத்தில் மனு. அங்கே மறுத்தால் மேலூர் ரோட்டில் உயர் நீதிமன்றக் கிளை. ஒவ்வொரு பங்குனி, சித்திரையிலும் விழாக் கமிட்டிக்காரர்கள் வக்கீல் வீட்டு வாசலில் நிற்பார்கள். அனுமதி கிடைக்கும், நிபந்தனைகளோடு. ஆபாசம் கூடாது. இரட்டை அர்த்தம் கூடாது. எந்தக் கட்சியையும், எந்த மதத்தையும், எந்தச் சாதியையும், எந்தச் சாதித் தலைவரையும் குறிக்கிற பாட்டோ ஆட்டமோ கூடாது. இந்த நிபந்தனையின் நியாயம் எனக்குப் புரியாமல் இல்லை. சாதிப்பெருமைப் பாட்டுப் போட்டு மறுநாள் அரிவாள் தூக்கிய ஊர்கள் உண்டு. ஆனால் சாதியைப் புகழ்கிற பாட்டையும் சாதியைத் திட்டுகிற பாட்டையும் அந்த வாக்கியம் ஒரே சாக்கில் போட்டுக் கட்டிவிடுகிறது. விசுவநாததாஸின் கொக்கு தப்பிக்கலாம், பாவலரின் காளை மாட்டும்.

அழகர்மலை அடிவாரத்து ஊர் ஒன்றில் அப்படி ஒரு ராத்திரி போயிருந்தேன். மைக்கில் கமிட்டிப் பொருளாளர் நிபந்தனைகளை ஒவ்வொன்றாக வாசித்தார். தாள் நடுங்கியது, பக்கத்தில் சப்-இன்ஸ்பெக்டர் நின்று வரிக்கு வரி தலையாட்டிக்கொண்டிருந்தார். மேடைக்குப் பின்னால் வைக்கோலைக் கொளுத்தி நான்கு பையன்கள் பறை காய்ச்சினார்கள். ஒருவன் தோலைத் தட்டிப் பார்த்துவிட்டு, இன்னும் கொஞ்சம் என்று மறுபடி நெருப்புக்குக் காட்டினான். என்ன பாட்டு முதலில் என்று சப்-இன்ஸ்பெக்டர் கேட்டார்.

“பாட்டு இல்ல சார், அடி மட்டும்தான்” என்றான் பையன்.

அவர் பொருளாளர் கையிலிருந்த தாளை மேலிருந்து கீழாக ஒருமுறை பார்த்தார். அதைப் பற்றி அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. சரி, ஆரம்பி என்றார்.